‘நிலைத்த மீன்’ என்று போட்டுவிட்டால் போதுமா?

கேள்வி: கடலுணவு நிறுவனம் ஒன்றில் மக்கள் தொடர்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் சூரை (டூனா) டப்பாவிலும் உறைந்த மீன் பாக்கெட்டுகளிலும் ‘நிலைத்த முறையில் பிடித்தது, கடலுக்கு உகந்தது’ என்று பெரிதாகப் போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஒரு வகைக்கு முறையான சான்று இருக்கிறது. இன்னும் இரண்டு வகைகளுக்கு இல்லை. ஆனால் அவை சின்னப் படகுகளில் பிடிப்பவை, கெடுதல் ஒன்றும் இல்லை என்று கொள்முதல் பிரிவில் அடித்துச் சொல்கிறார்கள். போன மாதம் வாடிக்கையாளர் ஒருவர், “இதை யார் பார்த்து உறுதி செய்தார்கள்?” என்று கேட்டு எழுதியிருந்தார். என்னிடம் பதில் இல்லை. எங்கள் விஞ்ஞானியிடம் கேட்டால் 60 பக்க அறிக்கையைக் கொடுக்கிறார். பாக்கெட்டில் எவ்வளவு சொல்வது? சான்று இல்லாத மீனைப் பற்றி வாய் திறக்கலாமா? இருக்கிற சான்றும் நாளைக்குப் பறிபோனால் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அந்த வாடிக்கையாளரின் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். “யார் பார்த்து உறுதி செய்தார்கள்?” என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடிகிற வரியை மட்டும் அச்சுக்கு அனுப்புங்கள், முடியாததை எடுத்துவிடுங்கள். மீன்பிடிப்புச் சான்றிதழ்த் தணிக்கையிலும் உறை வாசகங்களைச் சரிபார்ப்பதிலும் இருப்பவன் என்ற முறையில், நான் வேறு எதையும்விட இந்த ஒன்றைத்தான் முதலில் பார்ப்பேன்.

உங்கள் மேலிடம் கேட்கும் வாசகம் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். அதில் இருக்கும் சிக்கல் வேறு. ‘நிலைத்த’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் பல கேள்விகள் சேர்ந்து கிடக்கின்றன. இந்த இனம் அந்தக் கடற்பகுதியில் போதிய அளவு இருக்கிறதா? அதைப் பிடிக்கும்போது கூடவே வேறு எவை சாகின்றன? வலை கடலடியை என்ன செய்கிறது? பிடிப்புக்கு வரம்பு இருக்கிறதா, இருந்தால் அதை யாராவது மதிக்கிறார்களா? படகில் வேலை செய்பவர்களை எப்படி நடத்துகிறார்கள்? ஒரே மீன் ஒரு கேள்வியில் தேறி, அடுத்ததில் தோற்கலாம்.

அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாச் சிங்கி இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இறால் இருப்பு, அதாவது அந்தக் கடற்பகுதியில் வாழும் அந்த இனத்தின் மொத்தத் தொகை, நன்றாகவே இருந்தது. ஆனால் கூண்டுகளை மிதவையோடு இணைக்கும் கயிறுகளில் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்கள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருந்தது. உலகத்தில் மிஞ்சியிருக்கும் அந்தத் திமிங்கிலங்கள் 400-க்கும் குறைவு. 2022 செப்டம்பரில் மான்டரே பே அக்வேரியத்தின் ‘சீஃபுட் வாட்ச்’ என்ற கடலுணவு வழிகாட்டித் திட்டம் அந்த இறாலைத் தவிர்க்க வேண்டியவற்றின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் எம்.எஸ்.சி. எனப்படும் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலின் சான்றும் நிறுத்தி வைக்கப்பட்டது. அப்போது ஒருவர் ‘இந்த இறால் ஏராளமாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது உண்மைதான். ஆனால் அதைப் படித்து வாங்கியவருக்கு, தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் போய்ச் சேர்ந்திருக்காது.

இதற்கு இன்னும் பழைய உதாரணம் சூரை டப்பாக்களில் வரும் டால்ஃபின் முத்திரை. கிழக்கு வெப்பமண்டலப் பசிபிக்கில் மஞ்சள் துடுப்புச் சூரைக் கூட்டம் டால்ஃபின்களுக்கு அடியிலேயே நீந்திப் போகும். டால்ஃபின்களைக் குறிவைத்துச் சுருக்குமடி வலையைச் சுற்றினால் சூரை கிடைக்கும், டால்ஃபின்கள் சாகும். பல ஆண்டுகளாக அப்படி லட்சக்கணக்கில் செத்தன. மக்கள் கொதித்தெழுந்ததில் 1990-ல் அமெரிக்காவில் அந்த முத்திரைக்குச் சட்டமே வந்தது. நல்ல காரியம்தான், பலனும் இருந்தது. ஆனால் அந்த முத்திரை டால்ஃபினைப் பற்றித்தான் பேசுகிறது. சூரை போதிய அளவு இருக்கிறதா, சுறாவும் ஆமையும் எவ்வளவு சிக்குகின்றன என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. வாங்குபவரோ அந்தச் சின்னப் படத்தைப் பார்த்ததும் கடலில் எல்லாம் சுகம் என்று எடுத்துக்கொள்கிறார். உங்கள் முத்திரை எந்தக் கேள்விக்குப் பதில், எதற்குப் பதில் இல்லை என்று சொல்வது உங்கள் பொறுப்பு. அதை வாங்குபவரே ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடக் கூடாது.

சரி, பாக்கெட்டில் என்ன போடலாம்? என் யோசனை, புகழ்ச்சியை எடுத்துவிட்டுத் தகவலைப் போடுங்கள் என்பதுதான். என்ன மீன், எந்தக் கடல், எப்படிப் பிடித்தது, யார் மதிப்பிட்டது, அந்த மதிப்பீடு எந்த ஆண்டுக்குரியது என்று சொன்னால் போதும். உங்கள் சூரை டப்பாவுக்கு ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன், உங்கள் விவரங்களை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்:

“ஸ்கிப்ஜாக் சூரை (கட்சுவோனஸ் பெலமிஸ்). மேற்கு மத்தியப் பசிபிக், எஃப்.ஏ.ஓ. பகுதி 71. தூண்டில் கம்பால் ஒவ்வொன்றாகப் பிடித்தது. இந்த இருப்பு அளவுக்கு மீறிப் பிடிக்கப்படவில்லை என்று அப்பகுதி மீன்வள ஆணையத்தின் மதிப்பீடு சொல்கிறது (மதிப்பீட்டு ஆண்டு இங்கே).”

இதில் ஒரு பெருமிதச் சொல்கூட இல்லை, கவனித்தீர்களா? ஆனால் ஒவ்வொரு துண்டையும் யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். பகுதி எண் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு, அதாவது எஃப்.ஏ.ஓ., உலகக் கடல்களைப் பிரித்துக் கொடுத்த எண். மீனின் அறிவியல் பெயர் உலகம் முழுக்க ஒன்றே. பிடித்த முறையை எழுதிவிட்டால், ஒரே கடலில் ஒரே சூரையைத் தூண்டில் கம்பால் பிடிப்பதற்கும், மிதவைப் பொறி போட்டுக் கூட்டம் சேர்த்துச் சுருக்குமடியால் வளைப்பதற்கும் உள்ள வித்தியாசம் படிப்பவருக்குத் தெரியும். மிதவைப் பொறியின் கீழே சின்னச் சூரைக் குஞ்சுகளும் சுறாக்களும் சேர்ந்தே கூடும், வலை வளைத்தால் எல்லாம் ஒன்றாகத்தான் வரும். தூண்டில் கம்பில் அந்தச் சேதம் மிகக் குறைவு. ஆனால் அதற்கும் கரையோரத்திலிருந்து உயிருள்ள இரைமீன் பிடித்துப் போட வேண்டியிருக்கிறது. இணையப் பக்கத்தில் விரிவாக எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள். நல்ல முறைக்கும் ஒரு விலை உண்டு என்று நீங்களே சொல்லிவிட்டால், நீங்கள் சொல்லும் மற்றவற்றின் மீதும் நம்பிக்கை கூடும்.

இந்த விவரங்களை எல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று மேலிடம் கேட்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2013-ஆம் ஆண்டின் 1379-ஆம் ஒழுங்குமுறையிலேயே, பச்சை மீனுக்கும் உறைந்த மீனுக்கும் வணிகப் பெயரோடு அறிவியல் பெயர், பிடித்ததா வளர்த்ததா, எந்தப் பகுதி, எந்த வகைக் கருவி என்பதையெல்லாம் கட்டாயமாக்கிவிட்டது என்று சொல்லுங்கள். எல்லோரும் படிக்க மாட்டார்கள்தான். ஆனால் படிக்கும் ஒருவர் இருக்கிறார் என்ற நினைப்பே எழுதுபவரின் கையைக் கட்டுப்படுத்தும்.

முதலில் பெயரைச் சரிபாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ‘ஓஷியானா’ என்ற அமைப்பு அமெரிக்காவில் 2010 முதல் 2012 வரை 1,215 மீன் மாதிரிகளை வாங்கி மரபணுச் சோதனை செய்தது. மூன்றில் ஒன்றில் எழுதிய பெயர் ஒன்று, உள்ளே இருந்த மீன் வேறொன்று. ‘ரெட் ஸ்னாப்பர்’ என்று விற்ற 120 மாதிரிகளில் 7 மட்டுமே உண்மையில் அந்த மீன். பெயரே மாறிப் போன இடத்தில் எந்தக் கடல், எந்த வலை என்று பேசி என்ன பயன்? படகிலிருந்து உங்கள் ஆலை வரை மீன் எத்தனை கை மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் என்ன சீட்டு எழுதப்படுகிறது என்பதைக் கொள்முதல் பிரிவோடு உட்கார்ந்து ஒரு முறை முழுக்கப் பாருங்கள். எம்.எஸ்.சி. முத்திரை உள்ள பொருட்களுக்கு இந்தக் கைமாற்றத் தடத்தைத் தனியாகத் தணிக்கை செய்கிறார்கள். அப்படிப்பட்ட 1,402 பொருட்களின் மரபணுவைச் சோதித்து 2019-ல் வெளியான ஆய்வில், பெயர் மாறியவை 1 விழுக்காட்டுக்கும் குறைவு. சீட்டு ஒழுங்காக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இது போதும்.

சான்றுள்ள உங்கள் மீனுக்கு முத்திரையைப் போடுங்கள், ஆனால் அதன் பொருளையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். எம்.எஸ்.சி. 1997-ல் உலக வனவுயிர் நிதியமும் யூனிலீவர் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு, பிறகு தனித்து இயங்கத் தொடங்கியது. அது தரத்தை வகுக்கிறது, தணிக்கை செய்வது வேறு அமைப்புகள். இருப்பின் நிலை, சுற்றுச்சூழல் பாதிப்பு, நிர்வாகம் என்று மூன்று பக்கமும் மதிப்பெண் போடுகிறார்கள். சான்று ஐந்து ஆண்டுக்கு, ஆண்டுதோறும் கண்காணிப்பு உண்டு. தணிக்கைக் கட்டணத்தை மீன்பிடிப்புத் தரப்பே கட்டுகிறது. இதை வைத்து விமர்சனம் வருகிறது, யாராவது உங்களைக் கேட்டால் மறைக்காதீர்கள். அதற்கு நீங்கள் காட்டக்கூடியது, தணிக்கை அறிக்கை முழுக்கப் பொதுவில் கிடக்கிறது, ஆட்சேபம் எழுப்பவும் வழி இருக்கிறது என்பதுதான். வளர்ப்பு மீனும் இறாலும் விற்பதாக இருந்தால் கேள்விகளே மாறிவிடும். தீவனத்துக்கு எங்கிருந்து மீன்தூள் வந்தது, என்ன மருந்து போட்டார்கள், குளம் வெட்ட அலையாத்திக் காட்டை அழித்தார்களா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஏ.எஸ்.சி. (அக்வாகல்ச்சர் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) போன்ற தனிச் சான்றுகள் உண்டு. பிடித்த மீனுக்கான வாசகத்தை அங்கே அப்படியே தூக்கி ஒட்ட முடியாது.

உங்கள் விஞ்ஞானியின் 60 பக்கத்தைச் சுருக்குவது பற்றி. எண்ணைப் போட்டாலே நம்பிக்கை வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எஃப்.ஏ.ஓ. 2025-ல் வெளியிட்ட மதிப்பீட்டைப் பாருங்கள். 2,570 மீன் இருப்புகளை ஆராய்ந்ததில் 64.5 விழுக்காடு நிலைத்த அளவுக்குள் இருக்கின்றன, 35.5 விழுக்காடு அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகின்றன. அதே மதிப்பீட்டில், பிடித்த மீனின் எடையைக் கணக்கில் கொண்டால் 77.2 விழுக்காடு நிலைத்த இருப்புகளிலிருந்து வருகிறது. ‘மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீரழிவு’ என்று ஒருவர் எழுதலாம், ‘நாலில் மூன்று பங்கு மீன் நல்ல இடத்திலிருந்து’ என்று இன்னொருவர் எழுதலாம். இரண்டும் ஒரே அறிக்கைதான். எதை எண்ணினோம் என்று சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் எடுத்துப் போட்டால் படிப்பவரைத் திசைதிருப்பியதாகிவிடும். அதோடு, உலகச் சராசரி உங்கள் டப்பாவுக்குள் இருக்கும் மீனைப் பற்றி எதையும் சொல்லாது. அதனால் அதை உறையில் போடாதீர்கள்.

பயமுறுத்தும் எண்ணும் வேண்டாம். 2006-ல் ‘சயன்ஸ்’ இதழில் போரிஸ் வோர்மும் அவர் குழுவினரும் எழுதிய கட்டுரையில், போகிற போக்கு மாறாவிட்டால் 2048-க்குள் பிடிபடும் இனங்கள் எல்லாம் சரிந்துவிடும் என்று ஒரு கணிப்பு இருந்தது. அது ‘2048-ல் கடலில் மீனே இருக்காது’ என்று உலகம் சுற்றியது. 2009-ல் அதே வோர்ம், தன்னைக் கடுமையாக விமர்சித்த ரே ஹில்போர்னோடு சேர்ந்து தரவுகளைத் திரும்பப் பார்த்தார். நன்கு ஆராயப்பட்ட 10 கடற்பகுதிகளில் 5-ல் பிடிப்பின் அழுத்தம் குறைந்து வருகிறது என்று அந்த ஆய்வு சொன்னது. விஞ்ஞானிகள் நேர்மையாக நடந்துகொண்டார்கள். ஆனால் இன்றைக்கும் மக்கள் வாயில் 2048 தான் இருக்கிறது. எல்லாம் அழியப் போகிறது என்று கேட்டுக்கேட்டுச் சலித்தவர், எதை வாங்கினால் என்ன என்ற இடத்துக்கு வந்துவிடுவார். நீங்கள் அவருக்குச் சொல்ல வேண்டியது, அவர் கையில் இருக்கும் இந்த மீனைப் பற்றிய செய்தி.

விஞ்ஞானியிடம் அறிக்கையைச் சுருக்கித் தரச் சொல்வதைவிட இப்படிக் கேளுங்கள்: “இந்த மீனைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்தது எது? இதில் உங்களுக்கே உறுத்தலாக இருப்பது எது? அடுத்த மதிப்பீடு எப்போது வரும்?” இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைத்தான் பொதுவாக யாரும் வெளியே சொல்வதில்லை. இணையப் பக்கத்தில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். டப்பாவில் சதுரக் குறியீடு (க்யூ.ஆர். கோட்) போடுவதாக இருந்தால், அதைத் திறக்கிறவர் நேராக அந்தத் தொகுதி மீனின் விவரத்துக்குப் போக வேண்டும். பல நிறுவனங்களின் குறியீட்டைத் திறந்தால் நீலக் கடல் படமும் நிறுவனத்தின் லட்சிய வாசகமும்தான் வருகின்றன. தகவலைத் தேடி வந்தவரை இப்படித் திருப்பி அனுப்பினால் அவர் மறுபடி வர மாட்டார்.

எழுதி முடித்ததும், மீன் தொழிலில் இல்லாத சிலரிடம் வாசகத்தைக் காட்டி, “இது உங்களுக்கு என்ன உறுதி தருகிறது?” என்று கேளுங்கள். ‘மருந்து கலக்காதது’, ‘புதிய மீன்’, ‘உடம்புக்கு நல்லது’ என்று பதில் வந்தால் வாசகத்தை மாற்றுங்கள். நீங்கள் தராத உறுதியை அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

இனி, சான்று இல்லாத இரண்டு மீன்கள். தாராளமாகப் பேசலாம். உலக மீன்பிடிப்பில் குறைந்தது 40 விழுக்காடு சிறு மீனவர்களுடையது என்று எஃப்.ஏ.ஓ. கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சான்றுக்கான செலவும் தரவும் எட்டாத தூரம். முத்திரை இல்லை என்பதற்காக அவர்கள் மீனைத் தள்ளிவைப்பது அநியாயம், இதை நான் அழுத்திச் சொல்வேன். ஆனால் ‘சின்னப் படகு’ என்பது சாட்சி ஆகாது. மெக்சிகோவின் மேல் கலிஃபோர்னியா வளைகுடாவில் வக்கீட்டா என்னும் குட்டிக் கடல்பன்றி இன்றைக்கு விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்ததற்குக் காரணம், சின்னப் படகுகளிலிருந்து விரிக்கப்பட்ட செவுள் வலைகள்தான். டொடோவாபா மீனுக்காகத் திருட்டுத்தனமாக விரித்த வலையில் வக்கீட்டா மூழ்கிச் செத்தது. எனவே படகின் அளவைக் கேட்பதோடு நிற்காமல் வலையின் வகை, கண்ணளவு, பிடிக்கும் பருவம், கூடச் சிக்குபவை எல்லாவற்றையும் கேளுங்கள். அந்த மீனவர்களிடமே போய்க் கேளுங்கள். கொள்முதல் பிரிவின் உறுதிமொழி தொடக்கம் மட்டும்தான்.

தெரிந்ததை அப்படியே எழுதலாம்: “இந்த மீன்பிடிப்புக்கு வெளியார் சான்று இல்லை. இன்ன இடத்தில், இன்ன வலையில், இத்தனை படகுகள் பிடிக்கின்றன. இறங்கும் மீனின் கணக்கு இன்ன ஆண்டிலிருந்து வைக்கப்படுகிறது. இந்த இருப்புக்கு முறையான மதிப்பீடு இதுவரை இல்லை.” கடைசி வரியைப் பார்த்து மேலிடம் முகம் சுளிக்கும். அந்த வரிக்காக நீங்கள் போராடுங்கள். இன்னொன்று: பச்சை இலையோ நீல மீனோ வரைந்து நீங்களே ஒரு முத்திரை செய்துகொள்ளாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 ஆணை 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறை. சான்றுத் திட்டமோ அரசு அமைப்போ பின்னால் இல்லாத நிலைத்தன்மை முத்திரைகளும், ஆதாரமில்லாத ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ வகைப் பொதுவாசகங்களும் அதன்படி தடைக்குள் வருகின்றன. நீங்கள் அங்கே விற்காவிட்டாலும், சட்டத்தின் போக்கு எந்தப் பக்கம் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

உங்களுக்கு எழுதிய வாடிக்கையாளருக்கு இந்த வாரமே பதில் போடுங்கள். எந்த மீனைப் பற்றிக் கேட்டாரோ அதற்குச் சான்று இருந்தால் தணிக்கை அறிக்கையின் இணைப்பைக் கொடுங்கள். இல்லையென்றால், “யாரும் வெளியிலிருந்து சரிபார்க்கவில்லை, எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவு, இன்ன தேதிக்குள் இதை விசாரித்து மறுபடி எழுதுகிறோம்” என்று சொல்லுங்கள். கீழே பிரிவின் பெயரைப் போடாமல் உங்கள் பெயரைப் போடுங்கள். சொன்ன தேதியில் மறுபடி எழுதுவது முக்கியம், விசாரணை முடிந்திருக்காவிட்டாலும்.

சான்று பறிபோனால்? அதை அவமானமாக நினைக்காதீர்கள். வடகிழக்கு அட்லாண்டிக்கின் மேக்ரல் மீனுக்கான எம்.எஸ்.சி. சான்றுகள் 2019 மார்ச் 2 அன்று நிறுத்தி வைக்கப்பட்டன. அந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் பங்கீட்டில் ஒத்துப்போகவில்லை, எல்லோருமாகச் சேர்ந்து விஞ்ஞானிகள் சொன்ன அளவுக்கு மேல் பிடித்தார்கள். தனித்தனிப் படகுக்காரர்கள் ஒழுங்காக இருந்தும் சான்று போயிற்று, ஏனென்றால் மீன் இருப்பு ஒன்றுதான், அதற்கு எல்லைக்கோடு கிடையாது. அந்தத் தேதிக்கு முன் பிடித்த மீனை முத்திரையோடு விற்கலாம், பின் பிடித்ததை விற்க முடியாது. கடையில் ஒரே நேரத்தில் இரண்டு வகைப் பாக்கெட்டும் இருந்திருக்கும். விளக்கம் இல்லாவிட்டால் வாங்குபவர் குழம்பித்தான் போவார்.

எனவே இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் பிடித்த தேதி பதிவாகட்டும். ஒவ்வொரு மீனுக்கும் ஓர் இணையப் பக்கம், அதன் தலையில் ‘கடைசியாகப் புதுப்பித்தது’ என்று தேதி இருக்கட்டும். நிலைமை மாறினால் பழைய வாசகத்தை அழித்துவிடாமல் கீழே வைத்து, என்ன மாறியது, ஏன் மாறியது என்று மேலே எழுதுங்கள். நல்ல பக்கம் மாறினாலும் அப்படியே செய்யுங்கள். இந்தியப் பெருங்கடலின் மஞ்சள் துடுப்புச் சூரை 2015 முதல் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதாகவே மதிப்பிடப்பட்டு வந்தது, 2024 மதிப்பீடு அப்படி இல்லை என்று சொன்னது. பழைய எச்சரிக்கையை மட்டும் படித்தவர் புதியதைக் கேட்டதும், ‘மாற்றி மாற்றிச் சொல்கிறார்களே’ என்பார். இரண்டு மதிப்பீடுகளின் ஆண்டும் காரணமும் பக்கத்தில் இருந்தால் அவரே படித்துத் தெரிந்துகொள்வார். சான்று நிறுத்தப்பட்ட செய்தி வேறு யார் வழியாகவும் போவதற்கு முன் உங்கள் பக்கத்தில் வர வேண்டும். அந்த அறிவிப்பின் வரைவை இன்றைக்கே எழுதி, யார் ஒப்புதல் தர வேண்டும் என்பதையும் முடிவு செய்து வைத்துவிடுங்கள்.